சோற்றுப் பானை டில்லிக்குப் போன கதை



போன வாரம் வகுப்பு முடிந்ததும் நம் மையத்து அக்கா ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைப்பவர்.

"ஏம்மா, பள்ளிக்கூடத்துச் சட்டமெல்லாம் டில்லியிலதானே போடறாங்க? நம்ம மாநில சர்க்கார் சொன்னதைச் செய்யுது. அவ்வளவுதானே?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். வீட்டுக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினேன். பார்த்தால், பதில் அந்த அக்காவின் பானைக்குள்ளேயே இருந்தது!

1950-ல் நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்போது பள்ளிக் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. 1976-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். கல்வியைப் பொதுப்பட்டியலில் சேர்த்தார்கள். அதாவது, டில்லியும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம். இரண்டும் மோதினால் பெரும்பாலும் டில்லிச் சட்டமே நிற்கும். இதைக் கேட்டால் அக்கா சொன்னது சரி என்றுதான் தோன்றும்.

ஆனால் பானையின் கதை வேறு மாதிரி போகிறது.

நம் தாத்தாக்கள் பலர் தமிழ்நாட்டில் இருந்து இந்தத் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்கு வந்தவர்கள். சொந்தபந்தம் இன்னும் அங்கே இருக்கிறது. அந்த மாநிலத்தில் 1956-ல் முதலமைச்சர் காமராஜர் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். அரசிடம் போதிய பணம் இல்லை. ஊர் மக்கள் அரிசி, பருப்பு, காய்கறி கொடுத்தார்கள். 1982-ல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். "இது வீண் செலவு" என்று படித்தவர்களே பேசினார்கள். டில்லியும் செய்யச் சொல்லவில்லை. மாநிலம் தன் பணத்தில் செய்தது. பிறகு கேரளமும் குஜராத்தும் சமைத்துப் போட்டன.

டில்லி இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. 1995 ஆகஸ்ட் 15-ல் நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒரு பிள்ளைக்குப் பள்ளி நாள் ஒன்றுக்கு 100 கிராம் தானியம். தானியத்தை டில்லி கொடுத்தது. சமைக்கும் செலவு? அது மாநிலத்தின் தலையில்!

அதனால் பல மாநிலங்களில் அடுப்பே எரியவில்லை. அரிசியாகவோ கோதுமையாகவோ அளந்து கொடுத்துவிட்டார்கள். நம் கர்நாடகத்திலும் அப்படித்தான். ஒழுங்காகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு மாதம் 3 கிலோ அரிசி.

என் அண்ணன் அந்த அரிசியை வாங்கி வந்தவன். அம்மா இன்றும் சொல்வார். 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். அப்பாவுக்கு வேலை போயிற்று. வீட்டில் ஆறு பேர். 3 கிலோ அரிசி இரண்டு நாளில் தீர்ந்துவிடும். மற்ற நாட்களில் அண்ணன் மதியம் குழாய்த் தண்ணீர் குடித்துவிட்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பான். எல்லைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்குப் போன எங்கள் மாமா பிள்ளைகள் மதியம் சூடான சோறு சாப்பிட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே பாட்டி. நடுவில் ஒரு மாநில எல்லை.

அதே 2001-ல் ராஜஸ்தானில் கடும் வறட்சி. அரசுக் கிடங்குகளில் தானியம் மலைபோல் குவிந்திருந்தது. மக்கள் பட்டினி கிடந்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. நவம்பர் 28-ல் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தானியமாகக் கொடுத்தால் போதாது, சமைத்துப் போட வேண்டும் என்றது. "நடக்காத காரியம்" என்று சொல்ல முடியவில்லை. ஏன்? சில மாநிலங்கள் பல வருஷமாக நடத்திக் காட்டிக்கொண்டிருந்தனவே!

2002-ல் கர்நாடகம் வடகிழக்கு மாவட்டங்களில் அடுப்பு மூட்டியது. திட்டத்தின் பெயர் அட்சர தாசோஹ. அடுத்த ஆண்டு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. எங்கள் வீட்டில் என் காலத்தில்தான் பள்ளிச் சோறு. அண்ணனுக்கு அது கிடைக்கவில்லை.

2004-ல் டில்லி சமையல் செலவுக்கும் பணம் தரத் தொடங்கியது. முதலில் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1 ரூபாய். 2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் மதிய உணவு இலவசம், அது பிள்ளைகளின் உரிமை என்று அதில் எழுதினார்கள்.

1956-ல் ஒரு மாநிலத்தில் தொடங்கிய வழக்கம் நாட்டுச் சட்டமாக 57 ஆண்டுகள் ஆயின. கொஞ்சம் மெதுவான நடைதான்!

மாநிலங்கள் பேசுவதற்கும் இடம் உண்டு. மத்திய கல்வி ஆலோசனை வாரியம் என்று ஒன்று இருக்கிறது. அதில் மாநிலக் கல்வி அமைச்சர்களும் உறுப்பினர்கள். ஆனால் பேச்சைவிடப் பானைக்குத்தான் பலம் அதிகம் என்பது என் எண்ணம்.

இனி அக்காவின் கேள்விக்கு உள்ளே இருக்கும் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்க நினைத்தது தன் சம்பளத்தைப் பற்றி. சமைப்பவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று 2009-ல் டில்லி நிர்ணயித்தது. அதைச் சம்பளம் என்றுகூடச் சொல்வதில்லை, மதிப்பூதியம் என்கிறார்கள். புகையில் நிற்கிறவருக்கு இது என்ன மதிப்பு? பெரும்பாலான மாநிலங்களில் இந்த 1000-ல் 600-ஐ டில்லி தருகிறது, 400-ஐ மாநிலம் தருகிறது. அதற்கு மேல் கொடுக்க வேண்டுமானால் மாநிலம் தன் கையில் இருந்து போட வேண்டும். பல மாநிலங்கள் போடுகின்றன. ஒன்று அதிகம் கொடுக்கிறது, ஒன்று குறைவாகக் கொடுக்கிறது.

ஆகவே அக்கா, அந்த 1000 உயர டில்லியைக் கேட்க வேண்டும். அதற்கு மேல் சேர்க்கும் தொகை உயரப் பெங்களூரைக் கேட்க வேண்டும்.

அக்கா இரண்டு மனு கொண்டுவந்திருக்கிறார். பெங்களூருக்குப் போகும் கன்னட மனு என் கையெழுத்து. டில்லிக்குப் போகும் தமிழ் மனுவை அவரே எழுதினார். மூன்று இரவு எழுதினாராம். இப்போது அதை வாசிக்கிறார். கேளுங்கள்.