இருபது வருஷம் காத்திருந்த கோப்பைகள்

(முன்னாள் மாணவர் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"விளையாட்டைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கல்லூரி ஹாக்கி அணியில் நான் பன்னிரண்டாவது ஆள். மூன்று வருஷத்தில் மைதானத்தில் ஆடியதைவிட, ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனதுதான் அதிகம். ஆனால் இன்றைய நிகழ்ச்சி நிரலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கூடைப்பந்து அணி நன்றாக ஆடுகிறது. ஹாக்கி அணி கோப்பை வாங்கி இருபது வருஷம் ஆகிறது. ஆகவே சங்க நிதியை முழுவதும் கூடைப்பந்துக்கே கொடுத்து, ஹாக்கி அணியை நிறுத்திவிடலாம் என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. அதற்குக் கை தூக்குமுன் நான் கண்ட ஒரு ஊரின் கதையைக் கேளுங்கள்.

இங்கிருந்து போய் நான் மேல்படிப்பு படித்தது அமெரிக்காவில், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். ஊர் ஈஸ்ட் லான்சிங். 1855-இல் விவசாயக் கல்லூரியாகத் தொடங்கிய இடம். அங்கே ஹாக்கி என்றால் நம் ஹாக்கி இல்லை. பனித்தரையில் சறுக்குக் காலணி போட்டுக்கொண்டு, பந்துக்குப் பதில் கறுப்பு ரப்பர் வட்டை அடிக்கும் ஆட்டம். கோல்கீப்பரையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். கூடைப்பந்தும் ஹாக்கியும் அங்கே ஒரே பருவத்தில், குளிர்காலத்தில்தான் நடக்கும். ஒரே மாணவர் கூட்டம், ஒரே பல்கலைக்கழகம், ஒரே காலம். ஒன்று மற்றொன்றைத் தின்றுவிட எல்லா வசதியும் உண்டு. ஆனாலும் இரண்டிலும் தேசியக் கோப்பை வாங்கியிருக்கிறார்கள். ஆண்கள் கூடைப்பந்தில் 1979, 2000. ஹாக்கியில் 1966, 1986, 2007.

இந்த வருஷங்களைக் கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஹாக்கியில் முதல் கோப்பைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் 20 வருஷம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 21 வருஷம். கூடைப்பந்திலும் அதே 21 வருஷம். நம் தீர்மானத்தின் கணக்குப்படி பார்த்தால் அவர்கள் இரண்டு அணியையும் எப்போதோ இழுத்து மூடியிருக்க வேண்டும்!

1966 கதை இன்னும் வேடிக்கை. அந்தப் பருவம் முழுக்க அந்த அணி 16 ஆட்டத்தில் வென்றது, 13 ஆட்டத்தில் தோற்றது. பதின்மூன்று தோல்வி கண்ட அணிதான் இறுதி ஆட்டத்தில் கிளார்க்சன் அணியை 6–1 என்று அடித்துக் கோப்பையைத் தூக்கியது. பயிற்சியாளர் ஏமோ பெசோன். அவர் 1951-இல் பொறுப்பேற்று 1979 வரை, இருபத்தெட்டு வருஷம் இருந்தார். அவருக்குப் பின் ரான் மேசன், 2002 வரை. 1986-இல் ஹார்வர்டை 6–5 என்று வென்றது அவர் காலத்தில். அரை நூற்றாண்டில் ஹாக்கிக்கு இரண்டே பயிற்சியாளர்கள்! 2002-இல் அந்த மேசனையே எல்லா விளையாட்டுக்கும் இயக்குநர் ஆக்கினார்கள். ஹாக்கிக்காரர் கையில் கூடைப்பந்தும் வந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை.

கூடைப்பந்துக்கு வருகிறேன். 1979-இல் கோப்பை வாங்கித் தந்த எர்வின் ஜான்சனை "மேஜிக்" ஜான்சன் என்றால் உங்களுக்கே தெரியும். அவர் வெளியூரிலிருந்து விலைக்கு வாங்கி வந்த நட்சத்திரம் இல்லை. பக்கத்து லான்சிங் நகரத்துப் பள்ளிக்கூடத்துப் பையன். இறுதி ஆட்டத்தில் லாரி பேர்ட் ஆடிய இண்டியானா ஸ்டேட் அணியை 75–64 என்று வென்றார்கள். ஜான்சன் மட்டும் 24 புள்ளி.

அடுத்த கோப்பையைக் கொண்டுவந்த டாம் இஸ்ஸோ, 1983 முதல் உதவிப் பயிற்சியாளராக இருந்து, 1995-இல் தலைமைப் பயிற்சியாளர் ஆனவர். முதல் இரண்டு வருஷமும் தேசியப் போட்டிக்கு அவர் அணிக்கு இடமே கிடைக்கவில்லை. நம் ஊராக இருந்தால் "ஆளை மாத்துங்கப்பா" என்றிருப்போம். அவர்கள் மாற்றவில்லை. ஐந்தாவது பருவத்தில் கோப்பை வந்தது. 2000 ஏப்ரல் 3-ஆம் தேதி, ஃபுளோரிடா அணியோடு இறுதி ஆட்டம். விடுதி ஹாலில் தொலைக்காட்சி முன்னால் நானும் இருந்தேன். இரண்டாவது பாதியில் மட்டீன் கிளீவ்ஸ் என்ற முக்கிய ஆட்டக்காரர் கணுக்கால் பிசகி விழுந்தார். ஹாலில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. அவர் உள்ளே போய்க் கட்டுப்போட்டுக்கொண்டு நொண்டி நொண்டித் திரும்பி வரும்வரை மற்றப் பையன்கள் முன்னிலையை விட்டுக்கொடுக்கவில்லை. 89–76 என்று முடிந்தது. கிளீவ்ஸும் கூட ஆடிய இன்னும் இரண்டு பேரும் பக்கத்து ஃபிளின்ட் நகரத்துப் பிள்ளைகள். கார் தொழிற்சாலைகள் மூடி, வேலை போய், நொந்து கிடந்த ஊர் அது.

இங்கே நம் கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்திலேயே ஹாக்கி மட்டை பிடித்து வளர்ந்தவர்கள், அந்த ஒரு ஆட்டத்தை நம்பித்தான் நம் கல்லூரிப் படி ஏறினார்கள். அணி இல்லையென்றால் அவர்கள் எந்த வாசலில் நுழைவார்கள்?

கூடைப்பந்து கோப்பை வந்த மறு வருஷம், 2001 அக்டோபர் 6. ஊரே கூடைப்பந்துப் பெருமையில் மிதக்கும்போது பல்கலைக்கழகம் என்ன செய்தது தெரியுமா? தன் பெரிய அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் நடுவில் பனித்தரை போட்டு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு ஹாக்கி ஆட்டம் நடத்தியது. கூட்டம் 74,554 பேர். ஹாக்கிக்கு அதுவரை உலகத்தில் எங்கும் கூடாத கூட்டம். 3–3, சமநிலை. ஜெயித்தவர் இல்லை, தோற்றவரும் இல்லை. கூடைப்பந்துச் சட்டை போட்டவர்கள் பலர் அன்று கேலரியில் என் பக்கத்திலேயே இருந்தார்கள். ஆறு வருஷம் கழித்து, 2007 இறுதி ஆட்டத்தில், 18.9 வினாடி மிச்சம் இருக்கும்போது ஜஸ்டின் அப்டெல்கேடர் கோல் போட, பாஸ்டன் காலேஜை 3–1 என்று வென்றார்கள். அவரும் மிச்சிகன் மாநிலத்துப் பையன்தான்.

பெண்கள் கூடைப்பந்து அணியும் 2005-இல் தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. தங்கைகளே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

"அமெரிக்காக்காரனுக்குப் பணம் இருக்கு, நமக்கு என்ன இருக்கு?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. உண்மைதான். அங்கே அமெரிக்கக் கால்பந்தும் தொலைக்காட்சியும் பணம் கொட்டுகின்றன. நம்மிடம் அது இல்லை. ஆனால் நான் சொன்ன கதையில் பணம் கேட்காத சமாசாரங்களும் இருக்கின்றன. பயிற்சியாளரை இரண்டு தோல்விக்குப் பயந்து மாற்றாமல் இருப்பது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைத் தேடிச் சேர்ப்பது. ஒரு அணி ஆடும்போது மற்ற அணிப் பிள்ளைகள் வந்து கைதட்டுவது. இவற்றுக்கு என்ன செலவு?

ஆகவே என் கோரிக்கை இதுதான். கூடைப்பந்துக்குச் சிமெண்டுத் தரையும் விளக்கும் அவசியம் போட வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதே சமயம் ஹாக்கி அணியை நிறுத்தும் வரியை மட்டும் தீர்மானத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வருஷா வருஷம் அணிக்கு வேண்டிய மட்டைகளை நானும் என் வகுப்புத் தோழர்கள் நாலு பேரும் வாங்கித் தருகிறோம். பி.டி. சாரிடம் முதல் தவணையை நேற்றே கொடுத்துவிட்டோம். பத்து வருஷம் பாருங்கள். கோப்பை வராவிட்டால் என்னை மேடைக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள், வந்து பதில் சொல்கிறேன்.

பன்னிரண்டாவது ஆளுக்கும் ஒரு சீருடை கொடுத்த கல்லூரி இது. அந்தச் சீருடை இன்றும் என் வீட்டு பீரோவில் இருக்கிறது. இனி வரும் பிள்ளைகளுக்கும் அது கிடைக்கட்டும்.