கீறாமற் காணும் கண்

இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு கணையம். அங்கே தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் ஓசையின்றி வளர்ந்து, அறுவை மருத்துவத்தின் எல்லையைக் கடந்த பின்னரே வெளிப்படுகிறது. அதன் வளர்ச்சியை அறிய அறிவியலார் சுண்டெலியின் துணையை நாடினர்.

மனிதரின் கணையப் புற்றிற் காணப்படும் இரண்டு மரபணுப் பிழைகளை உடைய எலிகளை 2005-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் உருவாக்கினர். அவற்றின் கணையத்தில் நோய் தானே தோன்றும். ஆனால் எந்த எலிக்கு, எந்த நாளில்? அறுத்துப் பார்த்தால் ஓர் எலியின் ஒரு நாளைத்தான் காணலாம். அதன் மறுநாளை அறிய வழியில்லை.

இக்குறையைப் போக்கியது கீறாமற் படமெடுக்கும் முறை. எலியை மயக்கத்தில் ஆழ்த்தி, வயிற்றின் மயிரை நீக்கி, கேளா ஒலியைச் செலுத்துகின்றனர். மனிதருக்குப் பயன்படுவதினும் மிக்க அதிர்வுடைய ஒலி அது. அதிர்வு மிகுந்தால் நுண்மை மிகும், ஆழம் குறையும்; எலியின் உடலோ சிறிது, ஆதலால் ஆழக் குறைவு தடையாவதில்லை. சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டியும் திரையில் தெரிகிறது. காந்தப் புலத்தாற் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. முறையும் உண்டு. அதே எலியை அடுத்த வாரமும் அளக்கலாம். ஆய்வுக்கு வேண்டிய விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமென 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர் தம் நூலில் வற்புறுத்தினர். அந்நெறிக்கும் இம்முறை துணை செய்கிறது.

இவ்வாறு பார்த்ததனால் விளைந்த பயன் யாது? இவ்வெலிகளின் கட்டியில் இரத்த ஓட்டம் மிகக் குறைவென்றும், அதனால் மருந்து உட்புகுவதில்லை என்றும் 2009-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் வெளியிட்டனர். கட்டியைச் சூழ்ந்த இறுகிய திசுவைத் தளர்த்தும் புதிய மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, எலிகளின் இடைநிலை வாழ்நாள் 11 நாளிலிருந்து 25 நாளாக உயர்ந்தது. பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆயினும் அம்மருந்தை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை 2012-இல் நிறுத்தப்பட்டது. அதைப் பெற்றோர், பெறாதோரினும் நலிவுற்றனர்.

படம் பொய்யுரைக்கவில்லை. எலியைப் பற்றி அது காட்டியது மெய்யே. எலிக்கு மெய்யானது மனிதருக்கும் மெய்யாகுமா என்பது தனியே நிறுவப்பட வேண்டிய செய்தி. வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கும்போது, 'புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு' என்ற தலைப்பு நம் கண்ணிற் படுமாயின், நெஞ்சம் அதை நோக்கித் தாவுவது இயல்பு. கைப்பொருளை அதன் பின்னே செலவிடுமுன், 'இம்மருந்தை மனிதரிடம் சோதித்தார்களா? கண்ட முடிவு என்ன?' என்று மருத்துவரைக் கேட்க நாம் பழகுவோமாக.