தொழில்முனைவுக் கல்வி: திறமையை எப்படி அளப்பது?

(மாதுங்காவில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இப்போது பல கல்லூரிகளில் தொழில்முனைவு ஒரு பாடமாகிவிட்டது. குழந்தைகள் வியாபாரத் திட்டம் எழுதிச் சான்றிதழோடு வீட்டுக்கு வருகிறார்கள். நம் சங்கமும் கோடை விடுமுறையில் இப்படி ஒரு வகுப்பு நடத்தலாமே என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நன்கொடைப் பணத்தைச் செலவழிக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு என்ன திறமை கூடியது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பல இடங்களில் கடைசி நாளன்று ஒரு படிவம் கொடுத்து, “உங்கள் தன்னம்பிக்கைக்கு 5-க்கு எத்தனை மார்க்?” என்று கேட்கிறார்கள். இது போதாது. நெதர்லாந்தில் கல்லூரி மாணவர்கள் சிறு கம்பெனி நடத்திப் பழகும் வகுப்பு ஒன்றை ஆராய்ந்தார்கள். வகுப்புக்கு முன்பும் பின்பும் கேட்டார்கள். அதில் சேராத மாணவர்களோடும் ஒப்பிட்டார்கள். முடிவு 2010-ல் வெளியானது. தங்கள் திறமைக்கு மாணவர்கள் கொடுத்துக்கொண்ட மதிப்பீடு உயரவில்லை. சொந்தத் தொழில் தொடங்கும் விருப்பமோ குறைந்திருந்தது.

இதனால் வகுப்பே வீண் என்று சொல்லிவிட முடியாது. பாட்டு கற்கும் குழந்தை கீதம் முடித்ததும் எல்லாம் வந்துவிட்டதாக நினைக்கும். ராகம் பாடத் தொடங்கும்போதுதான் எவ்வளவு பாக்கி என்று புரியும். தொழிலின் கஷ்டம் புரிந்த மாணவன் தனக்கு மார்க்கைக் குறைத்துக்கொள்வதும் அப்படி இருக்கலாம். ஆகவே செய்கையைப் பார்க்க வேண்டும்.

இதற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. 1964-ல் ஹார்வர்ட் பேராசிரியர் டேவிட் மெக்கிளெலண்ட், ஆந்திராவின் காக்கிநாடா வியாபாரிகளுக்கு ஹைதராபாத்தில் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்தார். பிறகு அவர்கள் புதுத் தொழில் தொடங்கினார்களா, முதலீடு செய்தார்களா, எத்தனை பேருக்கு வேலை கொடுத்தார்கள் என்று கணக்கெடுத்து, பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களே முன்னால் நின்றார்கள்.

அவசரமும் கூடாது. இதே மாதுங்காவில் யு.டி.சி.டி. கல்லூரியில் படித்தவர் அஞ்சி ரெட்டி. பிறகு ஐ.டி.பி.எல். என்ற அரசு நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்தார். டாக்டர் ரெட்டீஸ் கம்பெனியைத் தொடங்கியது 1984-ல். படிப்பு முடிந்த மறுவருஷமே கணக்கெடுத்திருந்தால் அவர் பெயர் தொழில்முனைவோர் பட்டியலில் இருந்திருக்காது.

இன்னொன்று. இங்கிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். அங்குள்ள தோல் பட்டறைகளுக்கும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்களுக்கும் நெடுநாள் தொடர்பு உண்டு. பட்டறையில் வளரும் பிள்ளை ஒரு பைக்கு எவ்வளவு தோல் வேண்டும், எவ்வளவு கழிவு போகும், கடனுக்கு யாரிடம் கொடுக்கலாம் என்று பார்த்தே கற்கிறான். ஆங்கிலத்தில் எழுதிய திட்டத்துக்கு மட்டும் மார்க் போட்டால் அவன் தோற்பான், நம் பிள்ளை ஜெயிப்பான். அந்த அளவுகோலில்தான் கோளாறு.

ஆகவே என் யோசனை இது. வகுப்பின் முதல் வாரமும் கடைசி வாரமும் ஒரே மாதிரிப் பணி கொடுப்போம். கையில் 500 ரூபாய், இரண்டு நாள் அவகாசம், ஏதாவது ஒரு பொருளை விற்க வேண்டும். லாபத்துக்கு மார்க் வேண்டாம். அதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். நான்கு விஷயங்களைப் பார்ப்போம். வாங்குபவரிடம் முதலில் கேட்டானா? தன் உழைப்பையும் சேர்த்து அடக்க விலை போட்டானா? ஒருவர் வேண்டாம் என்றபின் அடுத்தவரிடம் போனானா? பிறர் பணத்துக்குச் சரியாகக் கணக்குக் காட்டினானா?

இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் சீட்டுக் குலுக்கிப் போடுவோம். இடம் கிடைக்காதவர்களுக்கு அடுத்த வருஷம் வகுப்பு. அதுவரை அவர்களுக்கும் இதே பணி கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டு வருஷம், ஐந்து வருஷம் கழித்து எல்லோரையும் மீண்டும் விசாரிப்போம். உத்தியோகத்துக்குப் போனவர்களையும் விடக்கூடாது. அங்கும் இந்தத் திறமைகள் பயன்படும்.

இருபது பிள்ளைகளை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. செம்பூரில் ஒரு வகுப்பு, சென்னையில் ஒன்று, டெல்லியில் ஒன்று என்று வெவ்வேறு ஊர் உறுப்பினர்கள் ஒரே தாளில் குறித்துக்கொண்டால் கணக்குக்குப் பலம் வரும். வரவு செலவை வெளியிடுவதுபோல் அந்தக் கணக்கையும், நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், இந்த இதழில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.