கப்பல் ஏறிய நாள்



1997ஆம் ஆண்டிலே காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல் ஏறினேன். தரைப்பாதை மூடிக்கிடந்த காலம். பெயர் பதிந்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்து, பட்டியலில் பெயர் வந்த பிறகும் இன்றா நாளையா என்று தெரியாமல் மீண்டும் காத்திருந்து, கடைசியில் ஒரு நாள் விடியற்காலையில் பெட்டியோடு போய் வரிசையில் நின்றேன். பெட்டியை மேசையில் கொட்டிப் பார்த்தார்கள். அக்கா கட்டித்தந்த ஒடியலையும் பனங்கட்டியையும் பிரித்துப் பார்த்தார்கள். கப்பலின் தளத்தில் பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, எனக்குப் பக்கத்திலிருந்த கிழவி ஒருத்தி கரையை ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவேன் மகன் என்று சொன்னாள்.

இதை முதலிலே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொழும்புக்கு வந்து சேர்ந்த அடுத்த மாதம் மருதானையில் ஒரு பழைய புத்தகக் கடையில் மார்க் ட்வெயின் எழுதிய ‘இனொசன்ற்ஸ் அப்ரோட்’ என்ற புத்தகம் கையில் கிடைத்தது. அட்டை இல்லை. வெள்ளவத்தையில் நான் தங்கியிருந்த அறையிலே அதைப் படிக்கத் தொடங்கியபோது, எனக்கு உண்மையில் விளங்காத விடயம் ஒன்றுதான். மனிதர்கள் காசு கொடுத்து, எந்த ஊரிலும் தங்குவதற்காக அல்லாமல், எந்த அலுவலும் இல்லாமல், வெறும் சந்தோஷத்துக்காகக் கப்பல் ஏறுவார்களா? ஏறினால் அந்த முதல் நாள் எப்படியிருக்கும்? இன்றைய பேச்சு அந்த முதல் நாளைப் பற்றியது.

கப்பலில் உல்லாசப் பிரயாணம் என்பது அவ்வளவு பழைய சங்கதியல்ல. கப்பல் என்பது சரக்கும் தபாலும் படையும் ஏற்றிப் போவது. மனிதர் அதில் போனால் வேலைக்கோ வழக்குக்கோ வியாபாரத்துக்கோ போவார்கள். 1844ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஆங்கில நாவலாசிரியர் தக்கரே லண்டனில் ஒரு கழகத்தில் நண்பர் ஒருவருக்கு நடந்த பிரிவுபசார விருந்துக்குப் போனார். நண்பர் மத்தியதரைக் கடலைச் சுற்றி எகிப்து வரை போகவிருந்தார். நீயும் வாவேன் என்று பேச்சு எழுந்தது. கப்பல் கம்பனியே அவருக்கு இலவசச் சீட்டு ஒன்றைக் கொடுத்தது. இரண்டு நாள் கழியுமுன்னே தக்கரே சவுதாம்ப்டன் துறைமுகத்தில் ‘லேடி மேரி வூட்’ என்ற நீராவிக் கப்பலில் நின்றார். வீட்டாருக்குக் கடிதம் எழுதவும் சட்டைகள் வாங்கவும் அவருக்கு மிகக் குறைந்த அவகாசமே இருந்தது. ஓர் எழுத்தாளருக்குக் கம்பனி ஏன் சும்மா சீட்டுக் கொடுக்கிறது என்று நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 1846இல் புத்தகம் வந்தது. கம்பனிக்கு அதிலே நன்றியும் இருந்தது.

இதிலே எங்களுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. அதே ‘லேடி மேரி வூட்’ கப்பல்தான் அடுத்த ஆண்டு, 1845இல், எங்கள் காலித் துறைமுகத்திலிருந்து தபாலை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும் போன சேவையைத் தொடக்கிவைத்தது. தக்கரே நின்று கடலைப் பார்த்த பலகைகளில் காலிக்காரர்களும் நின்றிருப்பார்கள். ஆனால் அவர்கள் உல்லாசத்துக்காக நின்றிருக்க மாட்டார்கள்.

மார்க் ட்வெயினின் கப்பலுக்கு வருவோம். 1867ஆம் ஆண்டு. அமெரிக்க உள்நாட்டு யுத்தம் முடிந்து இரண்டு வருடம். நியூயோர்க்கை அடுத்த புரூக்ளினில் உள்ள ஒரு பெரிய தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். ‘குவேக்கர் சிற்றி’ என்பது பக்கங்களில் சக்கரம் பூட்டிய நீராவிக் கப்பல். யுத்தத்திலே கடற்படைக்கு வேலை செய்த கப்பல். அதைப் பழுதுபார்த்து அலங்கரித்து, ஐரோப்பாவுக்கும் எருசலேமுக்கும் எகிப்துக்கும் போய்த் திரும்புவது. ஒரே கப்பல், ஒரே கூட்டம், ஐந்து மாதத்துக்கு மேல். கட்டணம் ஆளுக்கு 1,250 டொலர். கரையில் இறங்கிச் செலவழிப்பது வேறு. காசு இருந்தால் மட்டும் போதாது. விண்ணப்பிப்பவர் தகுதியானவர்தானா என்று ஒரு குழு ஆராயும். அமெரிக்காவிலிருந்து இப்படி ஒரு கூட்டம் உல்லாசத்துக்கென்றே பெருங்கடலைத் தாண்டியது இதுவே முதல் தடவை என்று சொல்வார்கள்.

அந்த நேரத்தில் ட்வெயினுக்கு முப்பத்தொரு வயது. சிரிப்புக்கதைகளும் பத்திரிகைக் கடிதங்களும் எழுதித் திரிந்த மனிதர். அவருடைய கட்டணத்தைச் செலுத்தியது கலிபோர்னியாப் பத்திரிகையொன்று. பதிலுக்கு அவர் ஐம்பது கடிதங்கள் எழுதி அனுப்ப வேண்டும். கடிதத்துக்கு இருபது டொலர். சீட்டுப் பதியப் போனபோது கூடப்போன நண்பர் விளையாட்டாக இவரை ஒரு பாதிரியார் என்று அறிமுகப்படுத்திவைத்தாராம். பல வருடம் கழித்து அந்தக் கப்பலின் கப்டனுக்கும் ட்வெயினுக்கும் பத்திரிகைகளில் சண்டை மூண்டபோது, அன்று வந்த ‘பாதிரியாரிடம்’ மதுவாடை வீசியது என்று கப்டன் சொன்னார். இரண்டு பக்கமும் நம்பத்தகுந்த சாட்சிகள் இல்லை. ஆனாலும் எனக்கு அந்தக் கதை பிடிக்கும்.

விளம்பரத்திலே பெரிய பெயர்கள் இருந்தன. அக்காலத்து அமெரிக்காவின் பிரசித்திபெற்ற பிரசங்கியான ஹென்றி வார்ட் பீச்சர் வருவார். யுத்தத்தின் வீரத்தளபதி ஷேர்மன் வருவார். பெயர்பெற்ற நடிகை ஒருத்தியும் வருவாள். நாள் நெருங்க நெருங்க ஒவ்வொருவராய்க் கழன்றார்கள். ஒருவருக்குப் புத்தக வேலை, மற்றவருக்கு மேற்கே சண்டை. எங்கள் ஊர்க் கலியாண வீட்டு அழைப்பிதழில் போடும் பிரமுகர்களின் பெயரைப் போலத்தான். கடைசியில் மிஞ்சியவர்கள் மருத்துவர்கள், பாதிரிமார், தங்களைப் பேராசிரியர் என்று அழைத்துக்கொண்டவர்கள், ஓய்வுபெற்ற கனவான்கள். எதிர்பார்த்த தொகையில் பாதியளவுதான்.

1867 ஜூன் 8ஆந் திகதி, சனிக்கிழமை. நண்பகல் கழிந்து ட்வெயின் கப்பலுக்குப் போனார். மழை பெய்துகொண்டிருந்தது. இறங்குதுறை முழுக்க வண்டிகளும் மனிதர்களும். தளங்களில் பெட்டிகள் குவிந்து கிடந்தன. பிரயாணத்துக்கென்று வாங்கிய புதுச் சட்டைகள் நனைந்து, மனிதர்கள் இறகு உதிர்கிற கோழிகளைப் போல மூலைகளில் ஒடுங்கி நின்றார்கள். கொடிகள்கூட நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கொண்டன. புறப்படக் கட்டளை எழுந்ததும் வழியனுப்ப வந்தவர்கள் அவசரமாக இறங்கினார்கள். கரையிலே நின்ற கூட்டம் ஏதோ கடமைக்குக் குரல் கொடுத்தது. விளம்பரத்தில் வாக்களித்திருந்த பீரங்கி முழக்கம் கேட்கவேயில்லை, மருந்து இல்லையாம். இந்தக் காட்சியை ட்வெயின் எழுதும்போது அவர் தானாக எதையும் பெருப்பிக்கவில்லை என்றே தோன்றுகிறது. நிகழ்ச்சிநிரலில் என்ன எழுதியிருந்தது, கண்முன்னே என்ன நடந்தது என்று இரண்டையும் பக்கத்தில் வைக்கிறார். சிரிப்பு தானாக வருகிறது. எங்கள் நகைச்சுவை எழுத்தாளர்கள் பலர் இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் சிரிப்பை வாசகனுக்கு ஊட்டிவிடப் பார்க்கிறார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. கப்பல் புறப்பட்டது. புறப்பட்டுத் துறைமுகத்தின் வாய்வரை போய் நங்கூரம் போட்டுவிட்டது! வெளியே கடல் கொந்தளிக்கிறது. பதினைந்து மாநிலங்களிலிருந்து வந்த இந்தப் பிரயாணிகளில் பெரும்பாலோர் கடலையே முன்பு கண்டவர்களல்லர். எனவே கப்டன் காத்திருக்கத் தீர்மானித்தார். பின்னாலேயே இரண்டு இழுவைப் படகுகளில் ஓர் இளைஞர் கூட்டம், தங்கள் நண்பனை வழியனுப்பவென்று ஷாம்பேன் போத்தல்களோடு ஆரவாரித்துக்கொண்டு வந்திருந்தது. மாலையானதும் அவர்களும் நகரத்துக்குத் திரும்பிவிட்டார்கள். கரை கூப்பிடு தூரத்தில். அழுது பிரியாவிடை சொன்னவர்கள் அங்கே இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார்கள். இங்கே கப்பலில், உல்லாசத்தின் முதல் இரவு, சனிக்கிழமை, செபக்கூட்டத்துக்குச் சேகண்டி ஒலித்தது. சீட்டாட்டமும் நடனமும் எதிர்பார்த்து வந்தவருக்குக் கிடைத்தது இதுதான். மறுநாள் ஞாயிறு. காற்று தணிந்தது. ஆனால் கடல் தணியவில்லை. தணிந்தாலும் ஞாயிற்றுக்கிழமையில் உல்லாசப் பிரயாணம் தொடங்குவது எப்படி? திங்கட்கிழமைதான் நங்கூரம் தூக்கினார்கள்.

அந்த இரண்டு நாளில் ட்வெயின் ஒரு காரியம் செய்தார். சாப்பாட்டு மேசையில் இருந்து எல்லோரையும் நன்றாகப் பார்த்தார். இத்தனை வயோதிபர்களா என்று திகைத்தார். திங்கட்கிழமை கப்பல் ஆடத் தொடங்கியதும் அந்தக் கனவான்கள் ஒவ்வொருவராய்க் கதவால் தள்ளாடி வெளியே வர, இவர் வேண்டுமென்றே காலை வணக்கம் சொல்லி நல்ல நாள் என்று குசலம் விசாரித்தார். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார்கள். தனக்கு வயிறு புரட்டவில்லை என்பதில் அவருக்கு ஏற்பட்ட கர்வத்தையும் மறைக்காமல் எழுதுகிறார். நவம்பரில் திரும்பி வந்ததும் அந்தக் கூட்டம் முழுவதையும் ஒரு சவ ஊர்வலத்தோடு ஒப்பிட்டுப் பத்திரிகையில் எழுதினார். சவம் மட்டும்தான் இல்லையாம். சக பிரயாணிகள் கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 1,250 டொலர் கட்டி, எருசலேமைப் பார்க்க வேண்டும் என்ற உண்மையான ஆசையோடு வந்த கிழவர் ஒருவரை, பத்திரிகைக் காசில் வந்த இளைஞன் கேலி செய்கிறான். இதைப் படித்துச் சிரித்தபோது எனக்கு அந்தக் காங்கேசன்துறைக் கிழவியின் ஞாபகம் வந்தது. அவளைக் கண்டிருந்தால் ட்வெயின் என்ன எழுதியிருப்பார்? தன் கர்வத்தைத் தானே காட்டிக்கொடுக்கிற ஒருவர் அவளைக் கேலி செய்திருக்க மாட்டார் என்றே நான் நம்ப விரும்புகிறேன்.

அந்தக் கப்பலில் ஏறியதால்தான் அவர் பெயர்பெற்ற எழுத்தாளரானார். 1869இல் வெளிவந்த புத்தகம் அவர் வாழ்நாளில் மிக அதிகம் விற்ற நூலாயிற்று. கப்பலில் கூட வந்த இளைஞர் ஒருவரின் சகோதரியைத்தான் 1870இல் மணந்தார். மழையில் நனைந்த அந்தச் சனிக்கிழமை அவருக்கு வீண் போகவில்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டேவிட் பொஸ்டர் வொலஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1995 மார்ச்சில் ஒரு சஞ்சிகையின் செலவில் புளோரிடாவிலிருந்து ஏழு இரவு கரிபியன் கடலுக்குப் போனார். 1996 ஜனவரியில் ‘ஹாப்பர்ஸ்’ சஞ்சிகையில் அவருடைய நீண்ட கட்டுரை வந்தது. இங்கே மழையும் இல்லை, செபக்கூட்டமும் இல்லை. பெரிய கொட்டகை ஒன்றில் இலக்கமிட்ட அட்டையோடு மணிக்கணக்கில் காத்திருப்புத்தான். கப்பலில் ஏறிய பிறகு நடந்த ஒரு சிறு சம்பவம் என் மனதை விட்டுப் போகவில்லை. வொலஸ் தன்னுடைய பையைத் தானே தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனார். சுமை தூக்கும் ஊழியர், லெபனானைச் சேர்ந்தவர், தான் கொண்டுவருகிறேன் என்று மன்றாடினார். வேண்டாம் ஐயா, பாரமில்லை என்பதுபோல இவர் மரியாதையாக மறுத்துவிட்டார். எங்கள் வீடுகளில் வளர்ந்த எவரும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் பிரயாணி தன் பையைத் தானே சுமப்பதை மேலதிகாரி கண்டுவிட்டார். அந்த ஊழியருக்குக் கடுமையான ஏச்சு விழுந்தது. பிறகு ஓர் உயர் அதிகாரி வொலஸின் அறை தேடிவந்து மன்னிப்புக் கேட்டார். வொலஸ் பதறிப்போனார். அந்த மனிதனின் வேலை போய்விடக்கூடாதே என்று அவருக்காகப் பேசவேண்டியதாயிற்று.

பிரயாணி சொல்வதை மறுக்கக்கூடாது. பிரயாணியைப் பை தூக்க விடவும்கூடாது. இரண்டு கட்டளைக்கும் நடுவில் அந்த ஊழியர் அகப்பட்டார். பிரயாணிக்கு அன்று விடுமுறையின் முதல் நாள். ஊழியருக்கு அது முந்திய கூட்டம் காலையில் இறங்கி, புதிய கூட்டம் மத்தியானம் ஏறுகிற நாள். படுக்கை விரிப்பு மாற்றி, ஆயிரக்கணக்கான பெட்டிகளை அறை அறையாகச் சேர்க்கிற நாள். 2023 ஜூனில் சென்னையிலிருந்து முதன்முதலாக ஓர் உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்ததாகப் பத்திரிகையில் படத்தோடு படித்தபோது, மாலையோடு இறங்கியவர்களைப் பார்த்துவிட்டு நான் படத்தின் பின்பக்கத்தில் பெட்டிகளைத் தேடினேன். படத்தில் இருக்கவில்லை.

ட்வெயினைக் கடைசியாக ஒரு தடவை பார்ப்போம். 1896 ஜனவரி. இப்போது வயது அறுபது. 1894இல் அவருடைய பதிப்பகம் நொடித்துப்போயிற்று. கடனைத் தீர்க்க, ஊர் ஊராய் மேடையேறிப் பேசுவதற்காக, முந்திய ஓகஸ்டில் பசுபிக் கடலைத் தாண்டப் புறப்பட்டார். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கப்பல் அவரைக் கொழும்பில் இறக்கியது. தெருவிலே கண்ட உடைகளின் நிறங்களில் அவர் சொக்கிப்போனார். அந்த நிறங்களின் நடுவே மிஷன் பாடசாலையிலிருந்து அழகற்ற ஐரோப்பிய உடுப்போடு வரிசையாய் வந்த சிறுமிகளைக் கண்டு மனம் நொந்து எழுதியிருக்கிறார். அதிக நேரம் தங்க முடியவில்லை. பம்பாய்க்குப் போகும் ‘ரொசெட்டா’ காத்திருந்தது. அதுவோ பழைய ஓட்டைக் கப்பல். காப்புறுதி எடுத்துக்கொண்டு மூழ்கடித்துவிட வேண்டியது என்பது அவருடைய அபிப்பிராயம். அபிப்பிராயத்தைக் குறித்து வைத்துக்கொண்டு அதிலேயே ஏறிப் போனார்.