பக்தியும் கருக்கலைப்பும்
(சந்தவாசல் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மேடையில் பேசுகிற விஷயமா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். தறியில் உட்கார்ந்து பட்டு நெய்கிறவளும், சேற்றில் நின்று நாற்று நடுகிறவளும் உயிரைப் பணயம் வைக்கிற விஷயத்தை வேறு எங்கே பேசுவது?

"ஜனங்கள் பக்தியுள்ளவர்கள், கருக்கலைப்பு உரிமை என்று வாய் திறந்தால் ஓட்டுப் போய்விடும்" என்கிறார்கள். அயர்லாந்தைப் பாருங்கள். 2016 ஜனத்தொகைக் கணக்கில் 100க்கு 78 பேர் கத்தோலிக்கர் என்று பதிந்த நாடு அது. 2012 அக்டோபரில், நம் கர்நாடகத்திலிருந்து அங்கே போன பல் டாக்டர் சவிதா ஹலப்பனவருக்கு 17 வாரக் கர்ப்பம் கலையத் தொடங்கியது. குழந்தை பிழைக்காது என்று தெரிந்தும், துடிப்பு நிற்கவில்லை என்று காரணம் சொல்லிக் கலைக்க மறுத்தார்கள். ரத்தம் நஞ்சாகி மாண்டார். ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். 2018 மே 25ல் நடந்த வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் தடையை நீக்கு என்றார்கள். மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் சேர்ந்து போட்ட ஓட்டுத்தான் அது!

நம் நாட்டுக் கதை வேறு. அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி நிலையம் 2019-20ல் வயது வந்த சுமார் 30,000 இந்தியர்களிடம் கேட்டது. 97 சதவீதம் பேர் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள். குடும்பத்தில் ஆண், பெண் எண்ணிக்கையைச் சரிக்கட்ட நவீன முறையில் சோதித்துக்கொள்வது சரியா என்றும் கேட்டார்கள். பெண் கருவை அழிப்பதைத்தான் இப்படி நாசூக்காகக் கேட்டார்கள்! 40 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் ஏற்கலாம் என்றார்கள். அறவே கூடாது என்றவர்கள் 42 சதவீதம். 1994லேயே சட்டம் தடுத்த செயல் இது. பக்தி குறுக்கே நின்றதா? வரதட்சணையும் சொத்தும் அல்லவா பேசுகின்றன! படவேட்டு ரேணுகாம்பாளைக் கும்பிட்டுவிட்டு வந்து, பெண் குழந்தையா என்று பெருமூச்சு விடுகிற வீடுகள் நமக்குத் தெரியாதா?

பெண் தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுப்பது வேறு. பெண் என்பதற்காகவே கருவை அழிப்பது வேறு. முன்னதை ஆதரிப்போம், பின்னதை எதிர்ப்போம்.

சரியா தப்பா என்று கேட்டால் போதுமா? எங்கே போனாள், எப்படிப் பிழைத்தாள் என்றல்லவா கேட்கவேண்டும்? 2015ல் இந்தியாவில் 1 கோடி 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பீடு. அவற்றில் முக்கால்வாசி, ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. ஒரு நாள் கூலி போகும், ஊர் பேசும், ஆஸ்பத்திரியில் திட்டுவார்கள், இந்தப் பயந்தான்.

1971ன் சட்டப்படி, டாக்டரின் முடிவும் வயது வந்த பெண்ணின் சம்மதமும் போதும். புருஷன் கையெழுத்து வேண்டியதில்லை. கல்யாணமாகாத பெண்ணுக்கும் சம உரிமை உண்டு என்று 2022 செப்டம்பர் 29ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கரு கலைந்தால் மில் தொழிலாளிப் பெண்ணுக்கு 6 வாரம் சம்பளத்தோடு லீவு தருகிறது சட்டம். வீட்டுத் தறிக்காரிக்கும் வயல் கூலிக்காரிக்கும் அது எட்டவில்லை. அவர்களுக்கும் சர்க்கார் பணத்தில் அந்தக் கூலி வேண்டும் என்று கேட்கிறோம்.

"வீட்டுக்காரரைக் கூட்டிவா" என்று எந்த ஆஸ்பத்திரியிலாவது திருப்பி அனுப்பினால், தாய்மார்களே, சங்கத்துக்கு வாருங்கள். சங்கத்துப் பெண் தோழர்கள் உங்களோடு வருவார்கள்.