பறவையை விட்ட பூனை
(சங்கத்தின் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு கார்ட்டூன். வார்னர் பிரதர்ஸ் 1957-ல் வெளியிட்ட 'பேர்ட்ஸ் அனானிமஸ்'. சுமார் ஏழு நிமிடம். இயக்கியவர் ஃப்ரிஸ் ஃப்ரெலெங். ஆஸ்கர் விருது பெற்ற படம்.

ட்வீட்டி என்ற மஞ்சள் குஞ்சை சில்வெஸ்டர் பூனை துரத்துவது குழந்தைகளுக்குத் தெரியும். இதில் கதை வேறு. கிளாரன்ஸ் என்ற இன்னொரு பூனை வந்து, பறவை தின்பதை விடச் சொல்லி, சில்வெஸ்டரை ஒரு கூட்டத்துக்கு அழைக்கிறது. அங்கே பூனைகள் எழுந்து தங்கள் கதையைச் சொல்கின்றன. குடியை விட நினைப்பவர்களுக்காக 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்களை வைத்துச் செய்த கேலி இது.

இனி பறவையே வேண்டாம் என்று சில்வெஸ்டர் வீடு திரும்புகிறது. டி.வி.யைப் போட்டால் பறவைச் சமையல். ரேடியோவில் பறவைப் பாட்டு. ராத்திரி தூக்கம் இல்லை. கடைசியில் அழுதேவிடுகிறது. மெல் பிளாங்க் குரலில் அந்த அழுகையைக் கேட்டால் சிரிப்போடு பரிதாபமும் வரும்.

பறவையோடு நட்பாக இருக்கலாம் என்று காட்ட, கிளாரன்ஸ் ட்வீட்டிக்கு முத்தம் கொடுக்கிறது. அந்த ருசியில் அதற்கே வெறி பிடித்துவிடுகிறது! அதைப் பிடித்து நிறுத்துவது யார்? சில்வெஸ்டர்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். இன்று தாங்குகிறவருக்கு நாளை ஒரு தோள் தேவைப்படும். நம் குடியிருப்பிலும் குடியையோ புகையையோ விடப் போராடுகிறவர்கள் இருக்கலாம். அவர்கள் மறுபடி தவறினால் கேலி பேச வேண்டாம். பக்கத்தில் போய் உட்காருவோம்.