மாடி முகப்பில் கள்ளிச்செடி



தமிழகத்தை விட்டுப் புனே நகரில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களை அடையாளங் கண்டுகொள்வது எளிது. வாசலில் கோலம் இருக்கும். மாடி முகப்பில் கறிவேப்பிலைத் தொட்டி ஒன்றும், துளசி ஒன்றும், இடம் வாய்த்தால் மல்லிகைக் கொடி ஒன்றும் இருக்கும். இவற்றிற்கெல்லாம் சோதனைக் காலம் மே மாதம். பள்ளி விடுமுறையையொட்டி நாம் குடும்பத்தோடு ஊருக்குப் போய், மூன்று நான்கு வாரங் கழித்துத் திரும்பும்போது மல்லிகை சருகாகியிருக்கும். கறிவேப்பிலை வெறுங் குச்சியாக நிற்கும். அடுத்த வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து நீர் ஊற்றச் சொல்லலாந்தான். ஆனால் அவர்களும் கோடையில் தம் ஊருக்குப் போகிறவர்களே. இத்தகைய இல்லத்திற்கு ஏற்ற செடி ஒன்று உண்டு. நான்கு விரற்கடை அகலமுள்ள மண்தொட்டியில் அடங்கி வாழும் சிறு கள்ளியே அது.

கள்ளி என்றதும் முகஞ் சுளிப்போர் நம்மில் பலர். முள்ளுள்ள செடி வீட்டிலிருந்தால் சண்டை வரும் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ரோஜாச் செடியின்மேல் அந்தப் பழியை யாரும் சுமத்தக் காணோம். கள்ளிப்பால் என்னும் சொல்லுக்கோ வேறொரு கொடிய நினைவும் தமிழ்நாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். பால் வடியும் அந்தக் கள்ளியும், இன்று நாற்றுப்பண்ணைகளில் விற்கப்படும் உருண்டைக் கள்ளியும் ஒரே குலத்தன அல்ல. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எமக்கு இச்சொல் பலமுறை இடர் தந்ததுண்டு. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி என நம் முன்னோர் பெயரிட்டவை யாவும் ஆமணக்கின் உறவினம். ‘காக்டஸ்’ எனப்படும் குடும்பமோ அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. ஏறக்குறைய 1,500 இனங்கள் கொண்ட அக்குடும்பத்தில், மரத்தைப் பற்றி வாழும் முள்ளற்ற இனம் ஒன்று மட்டுமே ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்கிறது. முள்ளைக் கண்டு நம்மவர் பழைய பெயரையே புதிய விருந்தாளிக்கும் சூட்டிவிட்டனர். மராட்டியரும் அவ்வாறே இரண்டையும் ‘நிவடுங்க்’ என்கின்றனர்.

இரண்டையும் வேறுபடுத்தி அறிவது அரிதன்று. முட்கள் யாவும் பஞ்சுபோன்ற ஒரு சிறு மெத்தையிலிருந்து கொத்தாகப் புறப்பட்டால் அது காக்டஸ். மெத்தை இல்லாமல், கீறினால் வெண்பால் கசிந்தால் அது நம் நாட்டுக் கள்ளியின் இனம். பால் கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு விளையும். ஆதலால் குழந்தைகள் உள்ள வீட்டில் இவ்வேறுபாட்டை அறிந்த பின்னரே செடி வாங்கவேண்டும்.

காக்டஸ் செடி நீரைச் சிக்கனமாகச் செலவிடும் முறை வியக்கத்தக்கது. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உட்கொள்ளும்போது நீரும் ஆவியாகிப் போகிறது. இதுவோ பகல் முழுதும் துளைகளை அடைத்து வைத்து, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமிலவாயுவை ஈர்த்து அமிலமாகச் சேமித்துக்கொள்கிறது. மறுநாள் வெயில் எழுந்தபின், மூடிய கதவுக்குள்ளேயே அதனைக் கொண்டு உணவு சமைக்கிறது. தண்டே நீர்க்குடம், இலைகளே முட்களாயின. இப்படிப்பட்ட செடிக்கு நாள்தோறும் நீர் வார்த்தால் என்ன ஆகும்? ஈர மண்ணில் வேர் மூச்சின்றி அழுகும். அழுகல் அடியிலிருந்து மேலேறும். மேற்புறமோ பல நாள் பசுமையாகவே இருக்கும். தொட்டுப் பார்த்தால் மெத்தென்று அமுங்கும்போதுதான் செய்தி தெரியும்; அப்போது பெரும்பாலும் காலங் கடந்திருக்கும்.

புனே நகரில் கள்ளிக்குக் கோடை பகையன்று, மழைக்காலமே பகை. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் நாற்பது பாகையை நெருங்கினாலும், எட்டுப் பத்து நாளுக்கொரு முறை மாலையில் மண் முழுதும் நனைய நீர் விட்டால் போதும். நிழலில் இருந்த செடியை மட்டும் திடீரென்று அந்த வெயிலில் வைத்தலாகாது. தோல் வெந்து வெளுத்துவிடும், அந்த வடு மாறாது. ஊருக்குப் போகும்முன் ஒரு முறை நீர் விட்டு, மேலே கூரையும் பக்கத்தில் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைத்துவிட்டுச் செல்லலாம். கூரையை மறந்துவிடலாகாது. நாம் ஜூன் நடுவில் திரும்புவதற்குள் மழை இறங்கிவிடும். ஒரு மாத வறட்சியைத் தாங்கிய செடியை ஒரு வார அடைமழை அழித்துவிடும்.

இதற்கு இவ்வூரிலேயே நல்லதொரு நாட்காட்டி உண்டு. ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் சேரவேண்டி, ஆளந்தியிலிருந்து ஞானேசுவரர் பல்லக்கும், தேஹுவிலிருந்து துக்காராம் பல்லக்கும் புறப்பட்டுப் புனேக்குள் வருகின்றன அல்லவா? துக்காராம் பல்லக்கு தங்குமிடம் நானா பேட்டையில் உள்ள நிவடுங்க்யா விட்டோபா கோயில். கள்ளிப் புதரிடையே கிடைத்த திருமேனியாதலின் அப்பெயர் வந்தது என்பர். கள்ளி விட்டலனின் வாசலுக்குப் பல்லக்கு வரும் நாளில் நம் வீட்டுக் கள்ளி கூரைக்கு அடியில் இருக்கவேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் தவறாது. அன்று முதல் செப்டம்பர் முடிய, மூங்கிற் குச்சி ஒன்றை மண்ணில் ஆழச் செருகி எடுத்து, அது ஈரமின்றி வந்தாலன்றி நீர் விடலாகாது. மூன்று வாரத்துக்கு ஒரு முறைகூட வேண்டாதிருக்கும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் காலம் அது.

மழை நின்றபின் வரும் அக்டோபர் வெயிலில் செடி மீண்டும் நன்கு வளரும். பின்னர்க் குளிர்காலம். இரவில் பத்துப் பாகை அளவுக்கு இறங்கும் புனேயின் குளிர், சென்னையிலோ மதுரையிலோ கள்ளி வளர்ப்போருக்குக் கிட்டாத பேறாகும். டிசம்பரிலும் ஜனவரியிலும் மாதம் ஒரு முறை மட்டும் சிறிது நீர் காட்டி, வெயில் படும் இடத்தில் உறங்க விட்டால், கோடை தொடங்கும்போது மமிலேரியா என்னும் சிறு கள்ளி வகை தன் தலையைச் சுற்றி மாலைபோல் பூக்கும். குளிர்காலத்திலும் ஓயாது நீர் பெற்ற செடி பருக்கும், பூக்காது.

மண்ணைப் பற்றி ஒரு சொல். இப்பக்கத்துக் கரிசல் பருத்திக்கும் கரும்புக்கும் நல்லது, கள்ளிக்கு ஆகாது. நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் அம்மண்ணைத் தவிர்த்து, செம்மண் ஒரு பங்கு, இலைமட்கு ஒரு பங்கு, கருங்கல் பொடிச்சல்லி இரண்டு பங்கு எனக் கலந்துகொள்ளலாம். கட்டடம் எழாத தெருவே இல்லாத இந்நகரில் சல்லிக்குப் பஞ்சமில்லை. ஆனால் தூள் போகக் கழுவியே சேர்க்கவேண்டும். தொட்டி செடியைவிட இரண்டு விரல் அகலமிருந்தால் போதும். அடியில் துளை வேண்டும். பெயர்த்து நடும்போது நாளிதழை மடித்துப் பட்டையாக்கிச் செடியைச் சுற்றிப் பிடித்தால் கை பிழைக்கும். நட்ட பின் ஒரு வாரம் நீர் விடலாகாது. அறுந்த வேர் ஆறவேண்டும்.

வாங்கும்போதும் விழிப்பு வேண்டும். பச்சைத் தண்டின்மேல் செம்பந்தும் மஞ்சட்பந்தும் ஒட்டவைத்த செடிகள் கடைகளில் கண்ணைப் பறிக்கும். அந்தப் பந்தில் பச்சையம் இல்லை. தானே உணவு சமைக்க இயலாத அது, கீழுள்ள தண்டின் உழைப்பில் சில ஆண்டு வாழும். அழகுக்கு வாங்குவோர் வாங்கலாம். நெடுங்காலத் துணையாக எண்ணலாகாது. சில கடைகளில் உலர்ந்த காகிதப்பூவைப் பசையிட்டு ஒட்டியும் விற்கின்றனர்! அதைவிடப் பெரிய தீமை, காட்டிலிருந்து பெயர்த்து விற்கப்படுவது. 2015-இல் வெளியான ஆய்வொன்று 1,478 காக்டஸ் இனங்களை மதிப்பிட்டு, நூற்றுக்கு 31 அழியும் நிலையில் உள்ளன என்று கண்டது. காரணங்களுள் ஒன்று நம்மைப்போன்ற வளர்ப்போரின் ஆசையே. 2020-இல் இத்தாலியில், சிலி நாட்டுப் பாலையிலிருந்து திருடப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடிகள் ஒரு வீட்டில் கைப்பற்றப்பட்டன. பெரும்பாலானவை மறு ஆண்டில் தாயகத்துக்கே அனுப்பப்பட்டன. விதையிலிருந்தும் பக்கக்கன்றிலிருந்தும் பண்ணையில் வளர்த்த சிறு செடியே நமக்குப் போதும். காளிம்பொங் பண்ணைகளின் செடிகள் நாடெங்கும் கிடைக்கின்றன. புனேயில் எம்பிரஸ் தோட்டத்து மலர்க் கண்காட்சியில் நேரிற் பார்த்தும் தேரலாம்.

இனிப் பூச்சி. நோய்களுள் முதலாவது மாவுப்பூச்சி. முட்களிடையே வெண்பஞ்சுபோல் ஒண்டியிருக்கும். இதன் உறவினத்தோடு தமிழ்நாட்டுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. நாகதாளியில், அதாவது சப்பாத்திக்கள்ளியில், வாழும் ஒருவகைப் பூச்சியை நசுக்கிச் செஞ்சாயம் எடுப்பது மெக்சிகோ நாட்டு வழக்கம். அச்சாயத்தின்மேல் ஆசை கொண்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் மருத்துவர் சென்னைச் சைதாப்பேட்டையில் நாகதாளித் தோட்டம் அமைத்தார். 1795-இல் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்கு வந்து, பின்னர்ச் சென்னையை அடைந்த பூச்சியோ உயர்ந்த சாயம் தரும் இனமன்று. அது சாயத்துக்குப் பயன்படாமல் ஒரு நாகதாளி இனத்தைத் தின்று தீர்த்தது. அது தீண்டாத வேறோர் இனம் தென்மாவட்டங்களில் வயலையும் மேய்ச்சலையும் விழுங்கிப் பரவவே, 1926-இல் இலங்கையிலிருந்து மற்றொரு பூச்சியை வருவித்து அதனையும் அடக்கினர். காடுபோல் அடர்ந்த முட்புதரையே வீழ்த்தும் குலத்தின் உறவு, நம் தொட்டியிலுள்ள சிறு செடியை விட்டுவைக்குமா? சிறு குச்சியில் பஞ்சைச் சுற்றி, மருந்துக் கடையில் விற்கும் ஸ்பிரிட்டில் தோய்த்து, வெண்மை கண்ட இடத்தில் மாலைப் பொழுதில் தொட்டுத் துடைக்கவேண்டும். ஐந்தாறு நாள் இடைவிட்டு மூன்று முறை செய்தால் ஒழியும். அதுவரை அந்தத் தொட்டியை மற்றவற்றிலிருந்து விலக்கி வைப்பது நலம்.